வேலூர்ல ஹாக்கி சம்மர் கேம்ப்: சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது கோல்கீப்பர் யாருன்னு கேளுங்க

பையனுக்கு 12 வயசு. நம்ம கோட்டை மைதானத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரிக்கெட்தான், இவன் மட்டும் ஹாக்கிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான், அதனால காட்பாடி பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டுல காலைல 6 மணிக்கு நடக்குற கேம்ப்ல சேர்த்துட்டு மே மாசம் பூரா நானும் கூடவே போய் உக்காந்து பாத்தேன்.

நான் பாக்குற கணக்கு கொஞ்சம் வேற. 2024-25ல நடந்த ஹாக்கி இந்தியா லீக்ல, அதாங்க ஐபிஎல் மாதிரி ஏலம் எடுத்து ஆடற ஹாக்கி போட்டி, ஒரு டீமுக்கு 24 பேரு, 8 வெளிநாட்டுக்காரங்க, மீதி 16ல 4 பேராவது ஜூனியரா இருக்கணும்னு ரூல். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ்ல ஏலத்துல ஜிப் யான்சன் 54 லட்சம், அமித் ரோஹிதாஸ் 48 லட்சம்னுதான் எல்லாரும் பேசினாங்க, எனக்கு அந்த ஜூனியர் பசங்க மேலதான் கண்ணு. அதுவும் தலைய எண்ணி பிரயோஜனம் இல்லங்க, நாலு பேரும் ஃபார்வர்டா இருந்தா, பெனால்டி கார்னர்ல (கோல் பக்கத்துல தப்பு பண்ணா எதிர் டீமுக்கு கிடைக்கற ஷாட்டு) ரோஹிதாஸ் மாதிரி முதல் ஆளா பாஞ்சு ஓடி பந்தை உடம்புல வாங்க நாளைக்கு யாரு இருக்கா? ஹாக்கில எத்தனை தடவை வேணா ஆள் மாத்தலாம், அதனால பெஞ்ச்ல சரக்கு இல்லன்னா கடைசி குவார்ட்டர்ல பல்லு இளிச்சிடும்.

அந்த வகையில இந்த கேம்ப் நல்லாவே இருக்கு. கோச் ஒவ்வொரு பையனையும் ரெண்டு பொசிஷன்ல ஆட விடறாரு, என் பையன் ஃபார்வர்டுன்னு போனான், ரெண்டாவது வாரமே ரைட் ஹாஃப்ல, அதாவது வலது பக்கம் நடு வரிசைல, நிறுத்திட்டாரு, மொதல்ல மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டான், இப்ப அதுதான் புடிச்சிருக்கு.

குறைன்னா கோல்கீப்பர்தான். ஒரே பையன், ஒரே கிட்டு, இடது கால் பேடு பெல்ட்டு அறுந்து போய் ஷூ லேஸ் போட்டு கட்டியிருந்தாங்க. மே நடுவுல அந்தப் பையன் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு குடியாத்தம் பாட்டி வீட்டுக்கு போய்ட்டான், அஞ்சு நாளு கோல்ல ரெண்டு கோன் நிறுத்தி வெச்சி அடிச்சாங்க, கீப்பரே இல்லாம அடிக்கற ஷாட்ல பையன் என்ன கத்துப்பான்? கோச்சைக் கேட்டா, "இன்னா சார் பண்றது, கிட்டு விலை அப்டி"ங்கறாரு. அவரு சொல்றதும் நியாயம்தான்.

மண் கிரவுண்டு, பந்து எகிறும். டர்ஃப்ல (செயற்கைப் புல் தரை) பந்து வழுக்கிக்கிட்டு வேகமா வரும், அதை ஸ்டிக்ல நிறுத்தற ட்ராப்பிங் இங்க வராது. அரியலூர்ல பொறந்த இந்திய ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம்கூட கோவில்பட்டி ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு போய்தான் வளர்ந்தாரு, 2022 ஆசியக் கோப்பைல பாகிஸ்தானுக்கு எதிரா முதல் மேட்ச்லயே கோல் போட்டாரு.

8லேருந்து 13 வயசு வரைக்கும்னா தாராளமா சேர்க்கலாம். நானும் அடுத்த வருஷம் சேர்ப்பேன், ரெண்டாவது கிட்டுக்கு நாங்க அஞ்சாறு பேரு சேந்து பாதி காசு போடறோம்னு கோச் கிட்ட சொல்லியிருக்கோம்.