செருப்பை உள்ளே வைக்கச் சொல்லும் மையம்

கடற்கரை ஊர்களில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருநங்கைகளுக்காகவும் என்னைப் போன்ற தன்பால் ஈர்ப்புடைய ஆண்களுக்காகவும் நடத்தப்படும் இந்த ஆதரவு மையத்துக்கு நான் முதன்முதலாகச் சென்றபோது, கதவைத் திறந்த திருநங்கை அக்கா, "செருப்ப வெளிய விடாதீங்க தம்பி, உள்ள அலமாரியில வைங்க" என்றார். அந்த அலமாரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு இவர்கள்மீது நம்பிக்கை வந்தது. ஓராண்டாகச் சென்று வந்தும் மையத்தின் பெயரையும் தெருவையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அங்கே வருகிறவர்களின் பாதுகாப்பே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்களுக்கான மருத்துவப் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளும் செய்கிறார்கள். எதற்கும் கட்டணம் இல்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அதையே இறுதி முடிவாகச் சொல்லிவிடாமல், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குத் துணைக்கு ஆள் அனுப்பி உறுதிசெய்கிறார்கள். விசைப்படகில் வேலை செய்யும் என் நண்பனுக்குத் தொற்று உறுதியானபோது, களப்பணியாளர் ஒருவர் அவனுடனேயே எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சென்று பதிவு முடியும்வரை இருந்தார். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றாது என்பதை அவன் நம்பும்வரை பொறுமையாக விளக்கினார்கள். படகில் ஏழெட்டுப் பேர் நடுவில் மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவன் கேட்டபோது, அந்தக் களப்பணியாளர் மாத்திரைகளை எண்ணி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அதை அவனுடைய வெற்றிலைப் பைக்குள் செருகிக் காட்டினார். அவன் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர் மருத்துவமனையில் என் பரிசோதனைச் சீட்டைக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படித்தார்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்னும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருப்பதையே இந்த மையத்தின் ஆலோசகர் சொல்லித்தான் நான் அறிந்துகொண்டேன். இங்கே எனக்குப் பெயர் இல்லை, ஓர் எண் மட்டுமே. ஆலோசகர் எழுந்து போகும்போதெல்லாம் பதிவேட்டை மூடிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போகிறார்.

பின்கட்டில் ஆளுயரக் கண்ணாடி வைத்த ஓர் அறை இருக்கிறது. கைலியோடு வருகிற சிலர் அங்கே புடவை கட்டி, பூ வைத்து, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கைலிக்கு மாறி ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். மருந்து மாத்திரையைவிட அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குறை என்று பார்த்தால், முதலில் வேலை நேரத்தைச் சொல்ல வேண்டும். விடிகாலையில் கரை திரும்பும் படகுத் தொழிலாளி மீனை இறக்கிக் கணக்கு முடித்து, பாம்பன் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மாலை 5 மணிக்குள் இங்கே வந்து சேர்வது பெரும்பாடு. அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கூட்டம் அலைமோதுகிறது, மற்ற மாதங்களில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் மாதம் இருமுறை இரவு நேர முகாம் நடத்துமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்; நடத்தியே ஆக வேண்டும்.

அடுத்த குறைக்கு மையத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கான நிதியில் நடப்பதால், அந்தத் திட்டம் கணக்கில் கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும்தான் இங்கே பதிவேடு உண்டு. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. வீட்டில் கட்டாயக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்தபோது, ஆலோசகர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவரிடம் பேசினார். சேர்ந்து வாழ்பவர்கள் இருவரும் வயதுவந்தவர்கள், விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், 'காணவில்லை' என்ற புகாரைக் காவல்துறை அவர்களைத் தொந்தரவு செய்யாமல் முடித்துவைக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவை எடுத்துச் சொல்லி, அதன் நகலையும் கையில் கொடுத்தனுப்பினார். அப்படிப்பட்ட பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கும் அளவுக்கு நிதி வர வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். வர விரும்புகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம், அல்லது அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மைய ஆலோசகரிடம் கேட்கலாம். தனியாக வரத் தயங்கினால் முன்கூட்டியே சொல்லுங்கள். பேருந்து நிலையத்துக்கே வந்து அழைத்துப் போகிறார்கள்.