பள்ளி நூலகப் பட்டியலுக்கு எது பொருத்தம்: கூகுள் ஷீட்டா, கோஹாவா?

நாலாயிரம் நூல்களும் ஒரே ஒரு நூலகரும் கொண்ட பள்ளியில் (பல இடங்களில் அந்த ஒருவரும் நூலகர் அல்லர், நூலகத்தைக் கூடுதலாகக் கவனிக்கும் தமிழாசிரியர்) இருப்புப் பதிவேட்டை இணையத்துக்கு மாற்றுவது என்று முடிவானதும், அதை எதில் ஏற்றுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் அரசு நூலகங்களை மனத்தில் கொண்டு அமைந்தது. துறை வழியாக அது கிடைக்கும் பள்ளிகள் இந்த அலசலைப் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எஞ்சுபவை இணைய அட்டவணையான கூகுள் ஷீட்டும், நூலக மென்பொருளான கோஹாவும்தான்.

கோஹா 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதே அதற்குக் காரணம். மாவோரி மொழியில் ‘கோஹா’ என்றால் கொடை. மென்பொருளுக்கு விலை இல்லை என்பது உண்மை. ஆனால் அதை நிறுவ ஒரு சர்வரும், லினக்ஸ் தெரிந்த ஒருவரும், நாள்தோறும் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடும் வேண்டும். அந்த ஒருவர் மாற்றலாகிப் போன பிறகும் கோஹா ஓடுமா என்பதைத்தான் தலைமையாசிரியர் முதலில் கேட்க வேண்டும்.

ஷீட்டில் இந்தக் கவலை இல்லை. ஒரு கோப்பில் 1 கோடிக் கட்டங்கள் வரை இடமுண்டு. நாலாயிரம் நூல்களுக்குப் பதினைந்து பத்திகள் (நெடுவரிசைகள்) என்றாலும் அறுபதாயிரத்தைத் தாண்டாது. பாடம் நடத்துபவருக்கும் அதுவே வசதி: எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் ஒளியைப் பற்றிய நூலின் வரிசையிலேயே எந்த அத்தியாயம் தம் பாடத்துக்கு உதவும் என்று எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு வருபவர் அந்தப் பத்தியை வடிகட்டிப் பார்த்தால் போதும். கோஹாவிலும் பாடத்துக்கேற்ற நூல் பட்டியல்களைத் தொகுத்து வைக்க வழியுண்டு. ஆனால் அதற்கென்று தனிக் கணக்கில் நுழையும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நூல் இரவல் என்று வந்தால் நிலைமை தலைகீழ். கோஹா உறுப்பினர் விவரத்தை நூற்பட்டியலிலிருந்து பிரித்து வைக்கிறது. பட்டைக்கோட்டைப் படித்தவுடன் தவணை நாளைத் தானே குறித்துக்கொள்கிறது. ஷீட்டில் இணைப்பு வைத்திருப்பவர் எல்லாரும் பார்க்கும் கோப்பிலேயே மாணவர் பெயரையும் எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. இரவல் குறிப்புக்குத் தனிக் கோப்போ, பழைய நோட்டோ போதும்.

உண்மையான வேறுபாடு தெரிவது தமிழ்ப் பெயர்களில்தான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் வந்துவிடுவதால், பள்ளி நூலகத்தின் பெரும்பகுதி ஒரே எண்ணில் குவிகிறது. அதன்பின் நூலின் இடத்தைத் தீர்மானிப்பது ஆசிரியர் பெயரே. தி. ஜானகிராமனை அட்டையில் உள்ளபடி ஷீட்டில் ஏற்றினால் அகரவரிசையில் ‘தி’ வரிசைக்குப் போவார். அடுத்த பட்டியலாளர் முன்னெழுத்தைப் பின்னால் போட்டால் ‘ஜா’வில் நிற்பார். ‘ஔவையார்’ இன்னும் சிக்கல். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதியிருப்பது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். மாணவி சரியாகத் தட்டித் தேடினாலும், அலமாரியில் இருக்கும் நூல் இல்லை என்றே விடை வரும். கோஹாவில் ஒரு பெயரின் பல வடிவங்களையும் ஒரே அதிகாரப் பதிவில் (ஒரு பெயரின் ஏற்கப்பட்ட வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் சேர்த்து வைக்கும் பதிவு) இணைத்து, எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆயினும் அந்தப் பதிவை யாராவது ஒருவர் உட்கார்ந்து உருவாக்க வேண்டும்.

வெளி நூலகங்களின் பதிவுகளை அப்படியே இறக்கிக்கொள்ளலாம் என்பது கோஹாவுக்காகச் சொல்லப்படும் பெரிய வாதம். ஆங்கில நூல்களுக்கு அது பலிக்கும். தமிழ் நூல்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து வரும் பதிவில் ஜெயகாந்தன் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடுகள் இட்ட வடிவில் வந்து நிற்பார். நம் பிள்ளைகள் அப்படித் தேடப்போவதில்லை. பழைய பதிப்புகளில், நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் இராது. ஆகவே எதைத் தேர்ந்தாலும் தமிழ்த் தலைப்புகளைக் கையால்தான் தட்டச்சிட வேண்டியிருக்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் முன்பே தட்டிய பட்டியல் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிட்டே இரண்டிலும் ஏற்ற வேண்டும்.

மேலே சொன்ன அளவுள்ள பள்ளிக்கு என் தேர்வு ஷீட்டே. ஒரு நாளில் நூறு இரவல்கள் நடக்கும் அளவுக்கு நூலகம் வளர்ந்தால் கோஹாவுக்குப் போகலாம். அந்த நாளை எண்ணி, முன்னெழுத்துக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒரு பத்தி, தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் தனித்தனிப் பத்திகள் என்று முதல் நாளே பிரித்து வைத்தால், கோப்பை நூலக மென்பொருள்கள் படிக்கும் மார்க் (MARC) வடிவத்துக்கு மாற்றும்போது நாலாயிரம் வரிகளையும் மறுபடி திருத்த வேண்டியிராது.