வீடு தேடி வரும் ஆதரவுச் சிகிச்சை: ஒரு பயனாளிக் குடும்பத்தின் மதிப்பீடு

வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த என் அத்தைக்காக, மதுரையை அடுத்த எங்கள் பகுதியில் இயங்கும் ஒரு தொண்டு அமைப்பின் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையை நாடினோம். கட்டணம் கிடையாது. மருத்துவர் மாதம் ஒருமுறை வருவார். வாரந்தோறும் வருபவர் செவிலியர் என்பதால், இச்சேவையின் தரம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

வந்ததும் அவர் புண்ணைப் பார்ப்பதில்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "இன்னிக்கு உங்களுக்கு எதும்மா ரொம்பச் சிரமமா இருக்கு?" என்று கேட்கிறார். அத்தை சொன்ன பதில் எங்களில் எவருக்கும் தெரியாத ஒன்று: வலியைவிட, கன்னத்தில் வெடித்த புண்ணின் வாடையே அவரை வதைத்தது, அதற்குக் கூசித்தான் பேரப்பிள்ளைகளை அண்டவிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். புண்ணை உப்புநீரால் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவும் முறையைச் செவிலியர் எங்களுக்குக் கற்றுத்தந்தார். சில நாள்களில் வாடை தணிந்தது. பிள்ளைகள் மீண்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள்.

உடல்வலி, மனவேதனை, உறவுகளிடமிருந்து விலகிப்போகும் துயரம், சாவைப் பற்றிய அச்சம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னியே நோயாளியை வருத்துகின்றன என்பதை 'முழுமையான வலி' என்று விளக்கியவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம்) நிறுவிய சிசிலி சாண்டர்ஸ். மருத்துவராகும் முன்பு அவர் செவிலியராகப் பயின்றவர். அமெரிக்கச் செவிலியர்களான ஜோசஃபின் பேட்டர்சனும் லொரெட்டா ஸ்டெராடும் 1976இல் முன்வைத்த மனிதநேயக் கோட்பாடோ, செவிலியத்தையே இரு மனிதர்களுக்கிடையே நிகழும் உயிருள்ள உரையாடலாகக் காண்கிறது. நர்சிங் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் இக்கருத்துகள் நோயாளியின் படுக்கையருகே எப்படிச் செயலாகின்றன என்பதை அந்த ஒரு கேள்வியில் கண்டேன்.

வலி தணிக்கத் தரப்பட்ட மார்பின் மாத்திரை பழக்கமாகிவிடுமோ என்று மாமா அஞ்சினார். வலி வந்தபின் தேடாமல் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை தவறாது கொடுக்க வேண்டும் என்பதையும், அதனுடன் மலச்சிக்கலுக்கான மருந்தையும் நிறுத்தாமல் கொடுத்துவர வேண்டும் என்பதையும் செவிலியர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். பராமரிப்பவர் சாப்பிட்டாரா, உறங்கினாரா என்று விசாரிக்கவும் அவர் தவறவில்லை.

குறைகளும் உண்டு. வலி கூடும் இரவு நேரத்தில் அவர்களது தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அதைவிடப் பெரிய குறை, வீட்டுப் பதிவேட்டில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பூஜ்யம் முதல் பத்து வரையிலான வலி அளவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தும், நோயாளி எதற்கு அஞ்சுகிறார், யாரைப் பார்க்க விரும்புகிறார் என்று எழுத ஒரு வரிகூட இல்லாததுதான். வழக்கமான செவிலியர் விடுப்பில் இருந்தபோது வந்தவர் திறமையானவர். ஆனாலும் அத்தையின் கூச்சத்தை அறிய வழியின்றி, எல்லோர் முன்னிலையிலும் புண்ணின் கட்டைப் பிரித்தார். அத்தை அன்று யாரிடமும் பேசவில்லை. பரிவு ஒரு செவிலியரின் இயல்பை மட்டும் நம்பியிருக்காமல் அமைப்பின் நடைமுறையாகவே ஆவதற்கு, அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.