காலை நடையா, சமநிலைப் பயிற்சியா: முதியோர் குடியிருப்பில் எதற்கு முதலிடம்?

முதியோர் குடியிருப்புகளில் உடற்பயிற்சி என்றதும் பெரும்பாலும் காலை நடைதான் நினைவுக்கு வருகிறது. கருவியோ பயிற்றுநரோ தேவையில்லை, பேச்சுத் துணையும் கிடைக்கும். இதயத்துக்கும் உறக்கத்துக்கும் அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால், தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டிருந்த ஒருவரைத் திடீரெனப் பிறர் கையை எதிர்பார்க்க வைப்பது பல நேரங்களில் கீழே விழுதலே. அதைத் தடுக்க நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், பிடிமானத்தின் அருகில் ஒற்றைக் காலில் நிற்றல் போன்ற பயிற்சிகள் தொடைத் தசைகளை வலுப்படுத்துவதோடு, தடுமாறும் கணத்தில் உடலை நிலைப்படுத்திக்கொள்ளும் திறனையும் வளர்க்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்துடன், சமநிலையும் வலிமையும் சார்ந்த பயிற்சிகளைக் குறைந்தது 3 நாட்கள் செய்யுமாறு பரிந்துரைக்கிறது. இவற்றுக்குத் தொடக்கத்தில் மேற்பார்வை வேண்டும். தனியே துணிந்தால் பயிற்சியே விழ வைத்துவிடக்கூடும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவருக்கும், கைப்பிடியைப் பற்றாமல் எழ இயலாதவருக்கும் நான் சமநிலைப் பயிற்சியையே முதலில் சொல்வேன். உறுதியாக நடப்பவர், நடையைக் கைவிடாமலே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.