ஸ்லோன் ஸ்கைசர்வர்: கேலக்ஸி மேப் நாமளே போட ஆசைப்படுறவங்களுக்கு

எங்க செங்கோட்டையில ஜூன் பொறந்தாச்சுன்னா ஆரியங்காவு பக்கமிருந்து மேகம் ஏறி வந்து மூடிக்கும், சாரல் முடியுற வரைக்கும் டெலஸ்கோப்புக்குச் சோலியே இல்ல. அந்த மாசங்கள்ல எனக்குக் கைகொடுக்கிறது இந்த சைட்தான். நியூ மெக்சிகோ மலையில இருக்கிற 2.5 மீட்டர் டெலஸ்கோப் 2000ல இருந்து அளந்த கேலக்ஸி டேட்டாவை அப்படியே ஃப்ரீயா தர்றாங்க. பிரவுசர்ல எஸ்கியூஎல் (டேட்டாகிட்ட கேள்வி கேக்கிற மொழி) பெட்டி இருக்கு, ஆர்ஏ, டெக் (வானத்துல கேலக்ஸி இருக்கிற இடத்தைச் சொல்ற ரெண்டு கோணம்), ரெட்ஷிஃப்ட் (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, இது கூடுனா தூரமும் கூடும்) மூணையும் கேட்டா சிஎஸ்வியா (அட்டவணை ஃபைலா) இறங்கிடும், அக்கவுன்ட் கூட வேண்டாம். பெரிய குவெரின்னா (கேள்வின்னா) மட்டும் அவங்களோட கேஸ்ஜாப்ஸ்ங்கிற சேவையில அக்கவுன்ட் போடணும், அதுக்கும் காசு கிடையாது.

டெக்ளினேஷன், அதாவது டெக், -2ல இருந்து +2 டிகிரி வரைக்கும் ஒரு மெல்லிசான பட்டையை எடுத்து, ஆர்ஏவைக் கோணமாவும் ரெட்ஷிஃப்டை மையத்துல இருந்து தூரமாவும் வச்சு புள்ளி வச்சுப் பாருங்க. இழை இழையா ஓடும், நடுநடுவுல பெரிய பெரிய வெத்திடம். ரெட்ஷிஃப்ட் 0.07, 0.08 கிட்ட அடர்த்தியா குறுக்கால ஒண்ணு போகுதுல்ல, அதுதான் 2003ல சொன்ன ஸ்லோன் பெருஞ்சுவர், நீளம் சுமார் 137 கோடி ஒளியாண்டு! நம்ம லேப்டாப்புல நாமளே போட்ட படத்துல அது தெரியறப்ப உடம்பு சிலிர்த்துடும்.

ஆனா படத்துல இருக்கிறதெல்லாம் வானத்துல அப்படியே இருக்குன்னு நினைச்சுடாதீங்க. தூரம் போகப் போக புள்ளி குறையறது அங்க கேலக்ஸி இல்லாததால இல்ல, மெயின் சாம்பிள்ல (முக்கியமான கேலக்ஸி தொகுப்புல) 17.77 மேக்னிட்யூடை (வெளிச்ச அளவு, எண் கூடுனா மங்கல்) விட மங்கலானதை எடுக்கல, அதான். கிளஸ்டரெல்லாம் (கேலக்ஸிக் கூட்டமெல்லாம்) நம்மளை நோக்கி நீண்டு கோடா தெரியும், உள்ள இருக்கிற கேலக்ஸிங்க ஓடுற வேகமும் ரெட்ஷிஃப்ட்ல சேந்துக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், அலுமினியத் தட்டுல ஓட்டை போட்டு ஃபைபர் (ஒளியைக் கொண்டுபோற இழை) சொருகித்தான் அளந்தாங்க, ஒரே தட்டுல ரெண்டு ஃபைபர் 55 ஆர்க்செகண்டுக்குள்ள (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு) நெருங்க முடியாது, அதனால எங்க கேலக்ஸி நெரிசலா இருக்கோ அங்கதான் ரெட்ஷிஃப்ட் விட்டுப்போயிருக்கும். கொத்துக்கொத்தா சேர்றதை அளக்கிறவங்க இதைச் சரிபண்ணாம கணக்குல இறங்கவே கூடாது. 2005ல இந்த டேட்டாவுலதான் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில கேலக்ஸி ஜோடிங்க கொஞ்சம் கூடுதலா இருக்கறதைப் பிடிச்சாங்க, அவ்ளோ சின்ன வித்தியாசத்தைப் பாக்கணும்னா இதெல்லாம் விட முடியுமா?

குறைன்னா உதவிப் பக்கம் தமிழ்ல இல்ல, புளியரை, ஆரியங்காவுப் பிள்ளைகளுக்கு பக்கத்துல ஒரு டீச்சர் உக்காந்து சொல்லணும். மத்தபடி அஞ்சுக்கு நாலரை. குவெரியில இசட்வார்னிங் 0ன்னு கண்டிஷன் கண்டிப்பா போடுங்க, இல்லைன்னா சந்தேகமான ரெட்ஷிஃப்டும் கலந்து வந்துடும்.