இலவச முகவரா, கட்டணம் வாங்கும் ஆலோசகரா?

அம்மா ரீச்சர் வேலையில் ஓய்வுபெற்று, பணிக்கொடைக் காசு கைக்கு வந்ததும் அதை எங்கே போடுவதென்று வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சு. எங்களுக்கு இருந்தது இரண்டு வழி. ஒருவர் காப்புறுதி முகவர், தூரத்துச் சொந்தம், வீட்டுக்கே வந்து இலவசமாக ஆலோசனை சொல்வார். மற்றவர் முன்பு கணக்காளராக இருந்தவர், ஒரு சந்திப்புக்கு 7,500 ரூபா வாங்குவார். நாங்கள் போனது இரண்டாமவரிடம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

முகவர் நல்ல மனிதர்தான். படிவம் நிரப்புவது, அலைவது எல்லாம் அவரே பார்ப்பார். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆயுள் காப்புறுதி எடுப்பதற்கு அவரே போதும்.

ஆனால் ஒரு விடயம்தான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது: அவருக்குக் காசு கொடுப்பது யார்? அவர் கொண்டுவந்த பொலிசித் தாளில் இரண்டு நிரல்கள். ஒன்றில் உறுதியளித்த தொகை, மற்றதில் உறுதியளிக்காத தொகை. அவருடைய விரல் பெரிய தொகை இருந்த இரண்டாவதிலேயே நின்றது. "அண்ணை, இதில உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "அது கம்பனி தாறதுதானே தம்பி" என்றார். கம்பனி தருவதும் நாங்கள் கட்டும் கட்டுப்பணத்திலிருந்துதான். அந்தக் கொமிசனில் பெரும்பங்கு ஆரம்ப வருடங்களிலேயே போய்விடும். அதனால்தான் அப்படியான பொலிசியைத் தொடக்கத்திலேயே முறித்தால் கையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அறுபது வயதில் அம்மாவுக்கு அது சரிவராது.

கட்டணக்காரர் முதலில் கேட்டது மாதச் செலவும் கடனும். பிறகு, புதுப் பொலிசி வேண்டாம் என்றார். வேண்டாம் என்றாலும் அவருக்கு 7,500, எடுங்கள் என்றாலும் அதே 7,500. வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால் போட்ட காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி, இலங்கையில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்பதால் காசைப் பிரித்துப் போடச் சொன்னார். வட்டியில் வெட்டும் 10% வரியை, வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் சுயபிரகடனம் கொடுத்துத் தவிர்க்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அவரையும் சும்மா நம்பவில்லை. எந்தக் கம்பனியிடமும் கொமிசன் வாங்குவதில்லை என்று எழுதி வாங்கினேன். காசோலை எதுவும் அவர் பெயரில் எழுதவில்லை, நேரே நிறுவனத்தின் பெயரில்தான். அவர் சொன்ன நிதிக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். 2020இல் அனுமதி ரத்தான நிதிக் கம்பனிகளில் காசு போட்டவர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதா? அப்போது காப்புறுதி எல்லை 6 இலட்சம்தான்.

எங்கள் அனுபவம் ஒரு வருடத்துக்குச் சற்று மேல், அதுவும் நிலையான வைப்போடு சரி. பங்குச் சந்தைக்கு ஆலோசகர் தேடுவோருக்கு என்னால் சொல்ல ஒன்றுமில்லை. கையில் ஓரிரண்டு இலட்சம் மட்டும் உள்ளவருக்கு 7,500 பாரம்தான். அவர்கள் ஒரே ஒரு தடவை போய்க் கேட்டால் போதும்.

முகவரோடு மனத்தாங்கல் ஏதும் இல்லை. மோட்டார் சைக்கிள் காப்புறுதி இப்போதும் அவரிடம்தான் போடுகிறோம்.