வீணையை ஈவென்ட் வேனில் ஏற்றாதீர்கள்: கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

போன மே மாதம் மதுரையில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போனேன். 18 வருஷமாக என் கையில் இருக்கிற தஞ்சாவூர் வீணை அன்றைக்குக் கெட்டது. அதற்கான பணமும் வரவில்லை, பேசிய சம்பளமும் முழுசாக வரவில்லை. வெயில் காலத்து முகூர்த்தங்களுக்கு வாசிக்கப் போகும் யாருக்கும் இது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

25,000 ரூபாய் பேசி 5,000 முன்பணம் கொடுத்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து எங்களை அழைத்துப்போக ஏற்பாட்டாளர் அனுப்பிய கார் சின்னது. பின்னாலேயே சவுண்ட் சாமான் ஏற்றிய வேன். “மேடம், பெட்டியோட வெச்சா இடம் பத்தாது. உறையோட குடுங்க, வேன்ல பத்திரமா வந்துடும். நான் பொறுப்பு” என்றார் ஏற்பாட்டாளர். ஃபைபர் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மெத்தை உறையோடு மட்டும் வீணையைக் கொடுத்தேன். என் தவறு அது. மிருதங்க அண்ணன் ஒப்பவே இல்லை. இரண்டு மிருதங்கத்தையும் காலடியில் ஒன்று, மடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மதுரை வரை வந்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் மண்டபம் சேர்ந்துவிட்டோம். வேனைத் திறந்தது நான்கு மணிக்கு. அதுவரை அக்னி நட்சத்திர வெயிலில், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, வெட்டவெளியில் நின்றிருக்கிறது. என் வீணையின் மேல், சுருட்டிய மேடைக் கம்பளம்!

வீணை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 உலோகக் கட்டைகள்தான் மெட்டுகள். அவை மரத்தில் அறைந்தவை இல்லை. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துக் கட்டிய மெழுகுத் தளத்தில் பதித்தவை. அந்தத் தளத்தைத்தான் மேளம் என்போம். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் இளகுவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. மே மாத மதியத்தில் பூட்டிய வண்டிக்குள் அந்தச் சூடு தாராளமாக வந்துவிடும். இளகிய மெழுகின் மேல் கனமான ஒன்று கிடந்தால் மெட்டு அப்படியே அமுங்கும். சாயங்காலம் மெழுகு இறுகும்போது மெட்டும் அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். உடைந்த மாதிரி எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சுருதி சேர்த்துவிட்டு மோகன ராகத்தின் ஆரோகணத்தை வாசித்துப் பார்த்தேன். பஞ்சமம் வரை சரியாகத்தான் பேசியது. ஒன்பதாவது மெட்டில், சதுச்ருதி தைவதம் என்ற ஸ்வரத்தில் கை வைத்ததும், தந்தி அடுத்த மெட்டில் உரசி ஜ்ர்ர் என்றது. ஓரமாகக் குனிந்து பார்த்தால் அந்த மெட்டு ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது, பக்கத்து மெழுகில் உறைத் துணியின் வரி பதிந்திருக்கிறது. உடனே போன் எடுத்துப் படம் எடுத்திருக்க வேண்டும். கை நடுங்கியதில் அது தோன்றவே இல்லை.

ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்க மேடம் உடைஞ்சிருக்கு? எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு, ஆரம்பிங்க” என்றார். கல்யாண வீட்டார் என்ன பாவம் செய்தார்கள்? உட்கார்ந்தேன். மோகனத்தை விட்டுவிட்டு, அந்தத் தைவதமே இல்லாத இந்தோள ராகத்தை எடுத்துக்கொண்டேன். தவிர்க்க முடியாத இடங்களில் ஏழாவது மெட்டிலிருந்தே தந்தியை இழுத்துத் தைவதத்தைத் தொட்டேன். ஒன்றரை மணி நேரம் அப்படி வாசித்ததில் இடது கை விரல் இரண்டும் வெட்டுப்பட்டுப் போயிற்று. கடைசியில் சவுண்ட் பையன், குடத்தின் பலகையில் ஒட்டியிருந்த கான்டாக்ட் மைக்கை வெடுக்கென்று பிய்த்தான். டேப்போடு ஒரு ரூபாய் அகலத்துக்குப் பாலிஷும் வந்துவிட்டது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தஞ்சாவூர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். விரலால் மெட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “இத ஒட்டுப்போட முடியாதும்மா. பழைய மெழுக முழுசா எடுத்துட்டுப் புதுசா மேளம் கட்டணும்” என்றார். 24 மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு வைக்கிற வேலை அது. பாலிஷோடு சேர்த்து 9,500 ரூபாய் ஆயிற்று.

ரசீதை ஏற்பாட்டாளருக்கு அனுப்பினேன். பதிலுக்கு நான் வாசித்த வீடியோவையே அனுப்பினார். “இவ்வளவு அருமையா வாசிச்சிருக்கீங்க, கெட்டுப்போன வீணைலயா இப்படி வாசிப்பாங்க?” கச்சேரி நின்றுவிடக் கூடாதே என்று நான் பட்ட பாட்டையே எனக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார். மீதி 20,000-த்தில் 12,000தான் வந்தது. பட்டியலில் சொன்ன உருப்படிகளை வாசிக்கவில்லை என்று 8,000 பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

இப்போது பெட்டி இல்லாமல் வீணை வீட்டு வாசல் தாண்டுவதில்லை. பெட்டி ஏறுகிற வண்டி வரும் என்று உறுதி சொன்னால்தான் தேதியே கொடுக்கிறேன். வண்டியில் என் பக்கத்தில்தான் வரும், நிறுத்தினால் என்னோடு இறங்கிவிடும். கிளம்பும்போதும் மேடையில் வைக்கும்போதும் மெட்டு வரிசையைப் பக்கவாட்டில் தேதியோடு வீடியோ எடுத்து, அங்கேயே ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிடுகிறேன். மைக்கை நானேதான் ஒட்டுவேன், நானேதான் எடுப்பேன். வாய்ப்பேச்சுப் பொறுப்பை ஏற்பதில்லை. ஏற்றி இறக்குவதிலோ மேடையிலோ வாத்தியம் சேதமானால் செலவு யாருடையது, கச்சேரி குறைந்தால் சம்பளம் எப்படி என்று நான்கு வரி எழுதி, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பரவாயில்லை.

அந்த நான்கு வரி யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.